மோட்டைக் கரையில் கட்டிய கமெரா

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, ஒரு வனவிலங்கு ஆய்வுத் திட்டத்துக்காகக் காட்டில் இரண்டு வருடம் கமெரா கட்டினேன். விலங்கு குறுக்கே போனால் தானாகப் படமெடுக்கும் பெட்டி. அதை மரத்தில் கட்டி, இடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிந்து, வாராவாரம் போய் மெமரி அட்டையை மாற்றுவது என் வேலை. கோடையிலும் வற்றாத ஒரு மோட்டையை, சின்னக் காட்டுக்குளத்தை, அப்படித்தான் கண்டுபிடித்தேன். மான், மரை, ஒரு தடவை குட்டியோடு கரடி என்று எல்லாம் அங்கே தண்ணீருக்கு வந்தன.

எங்கள் திட்டப் பொறுப்பாளர் நான் ஜிபிஎஸ்ஸில் பதிந்த புள்ளிகளை வரைபடமாக அச்சடித்து, முல்லைத்தீவில் ஊர்மக்களுக்கு வைத்த கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் கொடுத்தார். இடங்களை இவ்வளவு துல்லியமாகக் காட்டலாமா என்று ஒருமுறை கேட்டேன். பிறகு விட்டுவிட்டேன். வரைபடம் அழகாக வந்திருந்தது, எனக்கும் பெருமைதான்.

அடுத்த மாதம் மோட்டைக்குப் போகும்போது நாற்றம்தான் முதலில் வந்தது. ஒரு பெண்மரை. மோட்டார் சைக்கிள் கிளச் கம்பிச் சுருக்கு கழுத்தை எலும்புவரை அறுத்திருந்தது. வயிற்றில் பாதி இல்லை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன்.

அலுவலகத்தில் அட்டையைக் கணினியில் போட்டோம். முதலில், குனிந்து கம்பி கட்டும் ஒருவன். சட்டைப்பையில் மடித்த வரைபடம். கூட்டத்தில் காட்டைக் காப்பது பற்றி அதிக நேரம் பேசியவன். பிறகு மரை. அது உதறும் ஒவ்வொரு தடவையும் கமெரா படமெடுத்திருந்தது, இரண்டு நாள். கடைசியில் ஒரு சிறுத்தை வந்து தின்கிறது.

பொறுப்பாளர் றோல்ஸ் சாப்பிட்டபடி பார்த்தார். சிறுத்தை வந்ததும் நிமிர்ந்தார்.

"இதைத்தான் அறிக்கையின்ர முன்பக்கத்தில போடவேணும். கம்பி தெரியாமல் வெட்டிவிடுங்கோ. ஆக்கள் நிக்கிற படங்களை அழியுங்கோ. ஊராக்களைப் பகைச்சால் எங்கட வேலை நிண்டுபோம்."

"நான் அழிக்கமாட்டன், சேர்," என்றேன்.

மறுநாள் படங்களின் பிரதியோடு வனவிலங்கு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு அதிகாரிகள் என்னோடு வந்து மோட்டையைச் சுற்றி இருந்த மற்றச் சுருக்குகளையும் கழற்றினார்கள். கம்பி கட்டியவன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினான். நான் வேலையை விட்டேன். அறிக்கை சிறுத்தைப் படத்தோடு வெளிவந்தது. சிறுத்தையின் வாயில் இருந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

போன கிழமை பஸ் நிலையத்தில் அவனைக் கண்டேன். "என்ன தங்கச்சி, இப்ப காட்டுப்பக்கம் போறேல்லையோ?" என்று சிரித்தான். எனக்கு மறுபடி குமட்டியது. அவனைப் பார்த்து மட்டுமல்ல. மோட்டைக்கு வழி காட்டிய புள்ளி நான் வைத்தது.