சம்பந்திகளைக் கப்பலேற்றிய கட்டில்

தாம்பூலத் தட்டில் ஆப்பிளுக்கும் மல்லிகைப் பந்துக்கும் நடுவே ஒரு மரத்துண்டு இருந்தது. இன்றைக்கும் அது என் கண்ணிலேயே நிற்கிறது. தி.நகரில் எங்கள் முதலாளி வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் பேச வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அந்தத் தட்டை முதலாளியின் முன்னால் நகர்த்திச் சிரித்தார். "எங்க மலேசியா மரம். சீர்க் கட்டிலை இதுல செஞ்சா நல்லா இருக்கும், சம்பந்தி."

முதலாளிக்கு ஈக்காட்டுத்தாங்கலில் மரக்கடை. பர்மா தேக்கைத் தவிர வேறெதையும் உள்ளே விடமாட்டார். மகளுக்குத் தேக்குக் கட்டில் என்று அவள் பிறந்த அன்றே முடிவு செய்தவர். வந்தவரோ மலேசியாவிலிருந்து மரம் இறக்கி விற்பவர். அந்த மகள், என் பாப்பா, பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வீட்டுச் சமையல் என் கைதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் காப்பியை வேண்டாம் என்றவர் அதுவரை யாரும் கிடையாது.

முதலாளி மரத்துண்டைத் தொடக்கூட இல்லை. "பர்மா தேக்கு ஒரு கட்டை விலைக்கு உங்க மரம் ஒரு வண்டி வாங்கலாம்லா."

"ஒரு கட்டையைத் தலையில வெச்சிக்கிட்டு ஆடுங்க. வருஷம் பூரா மலேசியா வெளிநாட்டுக்கு அனுப்புற மரத்தோட மதிப்பு என்ன, பர்மா அனுப்புறது என்ன? பக்கத்துல நிக்க முடியுமா?"

பேச்சு கட்டிலை விட்டுக் கப்பலேறிவிட்டது. மாப்பிள்ளைப் பையன் பாவம், போனில் தேடினான். "மொத்தமா பார்த்தா மலேசியாதான் அதிகம். ஒரு டன்னுக்கு என்ன விலைன்னு பார்த்தா பர்மாதான்" என்றான் தயங்கித் தயங்கி.

"பார்த்தீங்களா!" என்றார்கள் இரண்டு பேரும் ஒன்றாக. சண்டை இன்னும் முற்றியது. சம்பந்தி மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். தட்டு இன்னும் மாற்றவில்லை. படிக்கிற நாளிலிருந்தே அந்தப் பையன்தான் என்று பாப்பா முதலில் சொன்னது என்னிடம். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

நான் காப்பியோடு போய் நின்றேன். "மொதலாளி, ஆறிக்கினு கீது. குடிச்சிட்டு சண்டை போடுங்க." ஒருவரும் திரும்பவில்லை. என் காப்பிக்கு அந்த நிலைமை!

அப்போதுதான் பாப்பா வாயைத் திறந்தாள். "அப்பா, மாமா, ரெண்டும் வேணாம். நாங்க இரும்புக் கட்டில் வாங்கிக்கிறோம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"இரும்பா?" என்றார் முதலாளி.

"இரும்பா?" என்றார் சம்பந்தி.

"மரக்காரன் வீட்டுப் பிள்ளை இரும்புல படுக்கவா? ஊரே சிரிக்கும்லா!" என்று துள்ளினார் முதலாளி.

சம்பந்தி துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இத்தனை நாள் தொழில் பண்ணி நமக்கு ஒரு மரியாதை வேணாமா, சம்பந்தி?" நமக்கு என்றார், கவனியுங்கள். அடுத்த நிமிடம் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, தலைமாடும் சட்டமும் தேக்கு, காலும் அடிப்பலகையும் மலேசியா என்று கட்டிலைப் பங்கு போட்டார்கள். கையோடு தட்டும் மாறியது. காப்பியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

பெசன்ட் நகரில் பாப்பா குடித்தனம் நடத்துகிறாள். போன வாரம் போயிருந்தேன். அந்தக் கட்டிலில் அவள் குழந்தை எகிறிக் குதிக்கிறது. ஒரு முனகல் இல்லை. "அன்னிக்கு மெய்யாலுமே இரும்பு வாங்கிகினு இருப்பியா பாப்பா?" என்று கேட்டேன்.

அவள் குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"தட்டு மாறினா போதும்னு இருந்துச்சு ஆயாம்மா. வெறும் பாயே போதும்னு சொல்லியிருப்பேன்."