சிவப்பு நூல் கட்டிய பால்மா

நுகர்வோர் குழு ஒன்று ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்திலும் வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது, எங்கள் தோட்டத்தில் முதலில் கையைத் தூக்கியவள் நான்தான். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. புசல்லாவைப் பக்கம் முன்பள்ளி ஆசிரியை, நாலு எழுத்துத் தெரிந்தவள்; செயலாளர் பதவி எனக்கில்லாமல் வேறு யாருக்கு என்று ஒரு திமிர்.

முதல் கூட்டம் கம்பளையில். பஸ் ஏறுமுன் சந்தியிலிருக்கும் நானாவின் சில்லறைக் கடைக்குப் போனேன். முஸ்லிம் பெரியவர்; எல்லாருக்கும் அவர் நானாதான். எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சனத்துக்கு அவர் கடைதான் கடை. பெரிய பால்மாப் பக்கற்றைப் பிரித்து, நூறு கிராமாக நிறுத்து, பொலித்தீனில் கொட்டி, சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டுத் தருவார். முழுப் பக்கற் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு அதுதான் வழி. நாடு முழுக்கப் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்த நேரத்தில் கம்பனியின் சின்னப் பக்கற் நின்றது. அப்புறம் எங்கள் பக்கம் வரவேயில்லை. கொழுந்து பறிக்கும் என் அக்காவின் கடைசி மகளுக்கு மூன்று வயது, எடை குறைவு. தினமும் பால் கொடுக்கச் சொல்லி கிளினிக்கில் எழுதியிருந்தார்கள். அவளுக்காக வாங்கிக் கைப்பையில் வைத்துக் கொண்டுபோவது என் வழக்கம்.

"சின்னவளுக்குத்தானே புள்ள? கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன்" என்றார் நானா.

கூட்டத்துக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். தமிழும் நன்றாகவே பேசினார். லேபல் இல்லாமல், திகதி இல்லாமல் உணவுப் பொருள் விற்கக் கூடாது; பழைய மாவைப் புது மாவோடு கலந்தால் யாருக்குத் தெரியும், குழந்தைகள்தான் நோயில் விழும் என்றார். அதைத் தப்பென்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வராது.

"உங்க பக்கத்துல இப்படி ஏதாவது பாத்திருக்கீங்களா?"

விடை தெரிந்த பிள்ளை மாதிரி எழுந்தேன். கைப்பையைத் திறந்து பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினேன். கைதட்டினார்கள். எந்தக் கடை என்று கேட்டார். அதையும் சொன்னேன். உதாரணம் காட்டுவதாகத்தான் நினைத்தேன். பொட்டலம் சாட்சியாகி அவர் மேசையிலேயே தங்கிவிட்டது. அன்று அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போய், மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மறுவாரம் அதிகாரிகளின் ஜீப் வந்தது. நானாவுக்கு வழக்கு, தண்டப்பணம். தட்டுப்பாட்டில் பெட்டி பெட்டியாகப் பதுக்கிய பெரிய முதலாளிமாரின் வாசலில் ஒரு ஜீப்பும் நின்றதை நான் பார்த்ததில்லை.  ஆனால் நானாவின் வாசலைக் காட்டிக்கொடுத்தது நான்.

சில நாள் கழித்து ஒரு காட்போட் மட்டையும் தடித்த பேனையும் எடுத்துக்கொண்டு அவரே முன்பள்ளிக்கு வந்தார்.

"கடையில போர்டு போடணுமாம் டீச்சர். எனக்குக் கை நடுங்குது. எழுதித் தாங்க."

எப்போதும் புள்ள என்று கூப்பிடுகிறவர். 'பால்மா பிரித்து விற்கப்பட மாட்டாது' என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நீங்க கம்பளைக்குப் போன அன்னைக்குக் காலையில ஒரே ஒரு பொட்டலந்தான் கட்டினேன்" என்றார் மட்டையைப் பார்த்தபடியே. "எழுத்து அழகா இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த மாதம் முழுப் பக்கற் வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். அடுத்த மாதம் என் சம்பளத்தில் முடியவில்லை. மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோடு கடைக்கு வந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"என்னடி எழுதியிருக்கு?"

வாசித்துக் காட்டினேன்.

"யாருடி இந்த வேலை பாத்தது?"

நான் போர்டையே பார்த்தேன். நானா தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சட்டம் தங்கச்சி. யாரும் செய்யல்ல."

அக்கா பாலில்லாத பிளேன்டீக்குச் சீனி மட்டும் வாங்கினாள். திரும்பி நடந்தபோது பிள்ளை அவள் இடுப்பிலிருந்தே எட்டி என் கைப்பையைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.