தண்ணீர் வரும், நீ வராதே

எங்கள் ஊர் வாய்க்கால் கமிட்டித் தலைவர், நான் உயிரோடு இருக்கும்போதே என்னை ஆள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

என் வயலுக்குத் தண்ணீர் விடவில்லை என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் வந்தது. என்னைத்தான் வர வேண்டாம் என்றார். மனநோய்க்கு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவன் மடைப்பக்கம் மம்பட்டியோடு நிற்கக் கூடாதாம்.

நான் தாமிரபரணித் தண்ணீரில் நெல் போடுகிறவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எனக்கு வந்தது மனச்சோர்வு நோய் (வருத்தம் மட்டுமல்ல, உறக்கம், பசி, உடம்பின் வேகம், ஒன்றை முடிவு செய்யும் திறன் எல்லாம் இறங்கிப்போகிற நோய்). இதே நோயில் கிடப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். தலைவரும் படிக்கட்டும்.

எனக்கு முதலில் போனது உறக்கம். பிசான நடவு முடிந்திருந்தது (பிசானம் என்பது ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசியில் அறுக்கிற பயிர்). விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வரும். பிறகு கண் மூடாது. அடுத்துச் சோறு போனது. மென்றால் வைக்கோல் மாதிரி இருக்கும். அழுகை வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அழுதால்தான் மனநோய் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள்.

ஒரு நாள் பயிருக்கு உரம் போட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போனேன். வயல் நிறைந்ததும் வாமடையை (வாய்க்காலில் இருந்து வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாய்) அடைக்க வேண்டும். இரண்டு மம்பட்டி மண் போட்டால் போதும். சின்னப் பிள்ளை செய்கிற வேலை. எனக்குக் கை போகவில்லை. மண்ணை எங்கே வெட்டுவது, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் ஏறி, வரப்பு உடைந்து, போட்ட உரமெல்லாம் பக்கத்து வயலுக்குப் போனது.

பக்கத்து வயல்காரர் ஓடி வந்தார். "ஏலே சொடல, கண்ணு அவிஞ்சா போச்சு? ஒன் வீட்டு உரத்த என் வயலுக்கு அனுப்புதியே, நான் என்ன ஒனக்குச் சம்பந்தியாலே?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்கு வாய் திறக்கவில்லை. அவர்தான் கடைசியில் என் மம்பட்டியை வாங்கி வாமடையை அடைத்தார்.

அன்றிலிருந்து ஊரில் எனக்கு 'மடி பிடித்தவன்' என்று பெயர். மடி என்றால் சோம்பல். சோம்பேறிக்கு வேலை செய்ய மனம் இருக்காது, கிடப்பது சுகமாக இருக்கும். எனக்குக் கிடப்பதிலும் சுகம் இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்ல அப்போது என்னிடம் வார்த்தை இல்லை.

உள்ளூரில் காட்டிய வைத்தியர் நரம்புத் தளர்ச்சி என்றார். சத்து ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். ஊசி போட்ட அன்று தெம்பு வந்தது மாதிரி இருக்கும், மறுநாள் பழையபடி. பிறகு, தண்ணீர் பார்க்கப் போன இடத்தில் பயந்திருக்கிறான் என்று சொல்லித் திருநீறு போட்டார்கள். போட்டவர் நல்ல மனிதர், அக்கறையாகத்தான் போட்டார். நான் எதற்கும் பயப்படவில்லை என்று அவரிடம் சொன்னேன். "அப்படித்தாம்டே சொல்லுவ" என்று இன்னும் கொஞ்சம் பூசினார்.

என்னைக் காப்பாற்றியது என் மனைவி பேச்சியம்மாள் கேட்ட ஒரு கேள்வி. மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். நான் தொழுவத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"இங்கேருங்க, செத்துப் போயிரலாம்னு தோணுதா ஒங்களுக்கு?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"சரி. பதிலு வந்துட்டு" என்றாள். தவிட்டுக் கையைக் கழுவிவிட்டு, தொழுவத்துப் பரணில் இருந்த பூச்சிமருந்தை எல்லாம் எடுத்துச் சாக்கில் கட்டித் தன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலையில் அண்ணனும் தங்கையுமாக என்னைப் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

வீட்டாருக்குச் சொல்கிறேன். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயந்து கேட்காமல் இருக்காதீர்கள். எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது. கேட்டபோது என் நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது. பூச்சிமருந்து டப்பாவை வீட்டில் வைக்காதீர்கள். கூச்சப்படாமல் வேறு வீட்டில் கொண்டு வையுங்கள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"மனசு நல்லாத்தான் இருக்கும்மா. ஒடம்புதான் சொன்னபடி கேக்க மாட்டேங்கு."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "என்ன பயிர் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். நெல் என்றேன். "இப்ப எந்தப் பருவத்தில் இருக்கு?" தூர் கட்டுகிற பருவம் என்றேன். ஒரு நாற்று பல நாற்றாகக் கிளைத்து வயல் அடைத்துக்கொள்கிற நேரம் அது. எந்த விவசாயியும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போய்ச் சும்மா நின்று பார்ப்பான்.

"அதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

"ஒண்ணும் தோணல."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. பேச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர், "அதுதான் நோய். நீங்க சோம்பேறி இல்ல, கோழையும் இல்ல" என்றார். அந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வார்டில் சேர்த்தார்கள். முதல் நாட்களில் மாத்திரை செய்த வேலை பக்கவிளைவு மட்டும்தான் (நோயைத் தீர்க்கும் முன்பு மருந்தே கொடுக்கிற தொல்லை). நாக்கு வறண்டு ஒட்டியது. மலச்சிக்கல். எழுந்தால் தலை சுற்றல். குணம் மட்டும் தெரியவில்லை. பலர் இந்த இடத்தில்தான் மாத்திரையை நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லித் திட்டுங்கள், நான் திட்டினேன். ஆனால் விழுங்குங்கள்.

பக்கத்துக் கட்டிலில் ராதாபுரம் பக்கத்துக்காரர் ஒருவர். பனையும் முருங்கையும் வைத்திருப்பவர். என்னைக் கண்டதும் அவர் கேட்டது நோயை அல்ல.

"ஒமக்கு என்ன பயிர் வே?"

"நெல்லு. ஆத்துத் தண்ணி."

"ஆத்துத் தண்ணியா? தண்ணி கெடக்குற ஊர்க்காரனுக்கு என்னவே நோக்காடு? எங்களுக்கு மழை இல்ல, கிறுக்குப் பிடிச்சாலும் ஒரு நியாயம் இருக்கு. நீரு எங்க எடத்தையும்லா பிடிச்சிக்கிட்டுக் கெடக்கீரு!"

எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாக இல்லை. உதடு கொஞ்சம் அசைந்தது. பேச்சி அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் அழுதிருக்கிறாள்.

நெல்லில் குலைநோய் வந்தால் அதிகாரிகள் ஜீப்பில் வந்து வரப்பில் நின்று இலையைக் கிள்ளிப் பார்க்கிறார்கள். ரேடியோவில் சொல்கிறார்கள். அந்த நெல்லை வைத்திருக்கிறவனுக்கு நோய் வந்தால் திருநீறு. இது யார் குற்றம் என்று எனக்குத் தெரியாது. கோபம் மட்டும் வருகிறது.

மாசியில் வீடு திரும்பினேன். அறுவடையை மச்சான் (பேச்சியின் அண்ணன்) பார்த்துக்கொண்டார். அனுப்பும்போது டாக்டர் சொன்னது இரண்டு விஷயம். மாத்திரையை அவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. வேலையை விடக் கூடாது. "கார் பயிருக்குத் தண்ணி வரும்போது உங்க முறைக்கு நீங்களே போகணும். அதுவும் மருந்துதான்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கோடை கழிந்து போடுகிற கார் பயிருக்குத் தண்ணீர் குறைவு. அதனால் முறை வைத்துப் பாய்ச்சுவோம். தன் முறைக்குத் தானே வந்து மடையில் நிற்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். யாரும் இல்லாதவர்களுக்கும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கும்தான் நீர்பாய்ச்சி (பொதுவில் தண்ணீர் பாய்ச்சும் ஆள்) போவார். மடையில் நிற்காதவன் வயல் வைத்திருந்தாலும் விவசாயி இல்லை.

என் முறை வந்த அன்று மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனேன். தலைவர் வாய்க்கால் கரையில் நின்றார். நல்ல பேச்சாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏலே சொடல, ஒனக்கு எதுக்குலே அலைச்சல்? தண்ணி ஒன் வயலுக்கு வந்துரும். நீ வராண்டாம். வீட்ல கெட."

"எனக்குச் சொகமாயிட்டு அண்ணாச்சி. டாக்டரே போகச் சொல்லியிருக்காவ."

"ஒன் நன்மைக்குத்தாம்டே சொல்லுதேன். மம்பட்டியோட நிக்கிற எடம் பாத்துக்க. நாலு பேரு பயப்படுதாவ."

போன வருஷம் இதே மடையில் முறைத் தகராறில் ஒருவர் இன்னொருவர் தலைக்கு நேராக மம்பட்டியை ஓங்கினார். நான்கு பேர் பிடித்து இழுத்தோம். அவர் இப்போது கமிட்டியில் இருக்கிறார். அவரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை, அதனால் அவர் நல்ல புத்தி உள்ளவர். நான் என் நோய்க்காலத்தில் மம்பட்டியைத் தூக்கவே முடியாமல் நின்றவன். என்னைக் கண்டு பயமாம்.

அடுத்த முறைக்குப் பேச்சியும் கூட வந்தாள். தலைவர் அவளைப் பார்த்ததும், "பொம்பளைக்கு மடையில என்ன சோலி?" என்றார்.

"அப்ப அவியள விடுங்க அண்ணாச்சி."

"அவனும் வரக் கூடாதுன்னு சொல்லியாச்சுல்லா?"

"நானும் வரக் கூடாது, அவியளும் வரக் கூடாது. அப்ப எங்க வீட்டு ஆம்பளை யாரு, ஒங்க நீர்பாய்ச்சியா?"

கரையில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீர்பாய்ச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தலைவருக்கு முகம் கறுத்தது. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் பிடிவாதம் ஆகிவிட்டது. கார் பருவம் முழுவதும் நான் ரோட்டில் நின்று, என் வயலுக்கு இன்னொருவர் தண்ணீர் திருப்புவதைப் பார்த்தேன். பழைய விழிப்பு திரும்ப வந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். இதை மறுதாக்கம் (நோய் மறுபடி தலைதூக்குவது) என்கிறார்கள். இந்தத் தடவை அதற்குக் காரணம் என் மூளை மட்டும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது தேவலை. ஆனால் பழைய ஆள் இல்லை. முன்பெல்லாம் உடம்பு எனக்கு உழவு மாடு மாதிரி, ஓட்டினால் போகும். இன்று அதனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். எனக்கு வருஷம் என்றால் காரும் பிசானமும்தான். அந்தக் கணக்கு போய்விட்டது. இருட்டில் விழிப்பு வந்தால் அன்று முழுவதும் என்னை நானே கவனிக்கிறேன். பேச்சி வாசல் தெளிக்கிற சத்தத்தில் விழித்தால் அது ஒரு நல்ல நாள். அதற்கு அப்பால் நான் எண்ணுவதில்லை.

இதை நான் மனதுக்குள் வைத்துக்கொண்டு போயிருப்பேன். எழுத வைத்தது வேறு ஒருவர். எங்கள் ஊரில் வாழை போட்டிருப்பவர், என்னைவிட இளையவர். பெயர் எழுத மாட்டேன். ஒரு மத்தியானம் வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தார். முன்வாசலில் வந்தால் ஊர் பார்க்குமாம்.

"அண்ணாச்சி, ஒறக்கம் வரல. தோட்டத்துக்குப் போனா வந்த வேலை மறந்து போகுது. குலை தள்ளி நிக்கிற வாழையப் பாத்தா, யாரு வீட்டு வாழையோன்னு இருக்கு."

நாளைக்கே கிளம்பு, நானே கூட வருகிறேன் என்றேன்.

அவர் எழுந்து நின்றுகொண்டார். "அங்கன போய்ட்டு வந்தா என் முறையையும் எடுத்துருவாவளே அண்ணாச்சி. ஒங்கள ரோட்டுல நிறுத்துன மாதிரி என்னையும் நிறுத்திட்டா?"

எடுக்க மாட்டார்கள் என்றால் பொய். எடுத்தாலும் பரவாயில்லை, உயிர்தான் பெரிது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பைய நடந்து போய்விட்டார். அவர் வீட்டுக்காரியிடம் பேச்சி பேசியிருக்கிறாள், பூச்சிமருந்து இப்போது எங்கள் மச்சான் வீட்டில் இருக்கிறது. தினமும் நான் அவரைப் பார்க்கப் போகிறேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் இன்னும் வர மாட்டேன் என்கிறார்.

தலைவர் அண்ணாச்சி, எனக்காகக் கேட்கவில்லை. பிசானத் தண்ணீர் திறக்கும் முன் கோயில் வாசலில் வாய்க்கால் கூட்டம் போடுவீர்கள். மைக் இருக்கும். வாழைக்காரரும் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருப்பார், அவர் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து தின்று வந்தவன் தன் முறைக்குத் தன் மடையில் நிற்கலாமா, கூடாதா? என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டுச் சொல்ல வேண்டாம். எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.