செல்லானை எங்கே அடக்கம் செய்வது?

1. முதல் நாள்

இந்தச் சபைக்கு நான் உபதேசியாராக வந்த அன்று, எனக்கு முன்னால் என் பெட்டி வந்து சேர்ந்துவிட்டது. எடப்பாடிச் சந்தையிலிருந்து திரும்பிய ஒரு வண்டியில் அதை ஏற்றிவிட்டு நான் பின்னால் நடந்து வந்தேன். ஆலயத்து வாசலில் ஓர் ஆள் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒல்லியான உயரமான ஆள். தோளெல்லாம் கயிற்றுத் தழும்பு.

“ஏனுங்க சாமி, பொட்டி இந்தக் கனம் கனக்குது? கல்லு கில்லு கொண்டாந்தீங்களா?” என்றார்.

“புஸ்தகமுங்க.”

“அத்தனையுமா? அத்தனையும் படிச்சாத்தான் மோட்சமுன்னா எங்க பாடு திண்டாட்டந்தான் போங்க.”

அவர்தான் செல்லான். கிணறு வெட்டுகிறவர். மேட்டூர் அணை வேலைக்குக் கூலியாகப் போயிருந்தபோது அங்கே பிரசங்கம் கேட்டு, ஊர் திரும்பியதும் மனைவி பாவாயியைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்கு வர ஆரம்பித்தவர். பெட்டியைத் தலையில் வைத்து என் அறைக்குள் கொண்டுபோய் இறக்கிக் கொடுத்தார்.

பெட்டியில் இருந்தவை வேதசாஸ்திரம், சபைச் சரித்திரம், கிரேக்கத் தத்துவ ஞானிகளைப் பற்றிய பாடங்கள். பயிற்சிப் பள்ளியில் எங்கள் பெரிய வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதியவை. என் அப்பா பண்ணையாள். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பாடங்களைப் பரீட்சைக்காகப் படித்தேன், தேறினேன், பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கிணறு வெட்டுகிறவருக்கும் கிரேக்க ஞானிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பிமாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2. ஆயத்த வகுப்பு

உபதேசியார் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. கேட்கிறவர்களைத் தயார் செய்வதுதான் அவன் வேலை. கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் மூன்றையும் அவர்கள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து போதகர் ஐயா வருஷத்தில் சில தடவை சைக்கிளில் வருவார். பரீட்சை வைத்து, தேறினவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். தேறாதவர்கள் அவர் மறுபடி வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

பாவாயி சீக்கிரமே எல்லாவற்றையும் படித்துவிட்டார். போதகர் ஒரு தடவை வந்தபோது அவருக்கு மட்டும் கொடுத்துவிடலாம் என்றார். பாவாயி ஒத்துக்கொள்ளவில்லை.

“அவரும் தயாராவட்டுமுங்க. நா மட்டும் முன்னால போயி அங்க என்ன பண்றது?”

செல்லானுக்கும் ஞாபகசக்தி குறைவில்லை. கட்டளைகளை மடமடவென்று சொல்லுவார். தனக்கு வைக்க வேண்டிய பெயரைக்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். “தாவீதுன்னு வெச்சுருங்க சாமி. அவரும் ஆடு மேச்சவருதானுங்களே. சின்ன வயசுல நானும் கவுண்டரு பட்டியில ஆடு மேச்சவந்தான்” என்பார்.

பிரமாணத்தில்தான் தடங்கல். கர்த்தர் மரித்து அடக்கம் பண்ணப்பட்ட பிறகு பாதாளத்துக்கு இறங்கினார் என்று ஒரு வரி வருகிறதல்லவா, அங்கே வந்ததும் நின்றுவிடுவார்.

“ஏனுங்க சாமி, எதுக்கு எறங்குனாரு?”

“அது அப்படித்தான். மேல சொல்லுங்க.”

“அதெப்படிங்க? கெணத்துக்குள்ள ஆரும் சும்மா எறங்க மாட்டாங்க. வேலையிருந்தா எறங்கோணும். இல்லீன்னா உள்ள கெடக்கறவனைத் தூக்கறதுக்கு எறங்கோணும். இவரு ஆரைத் தூக்கறதுக்கு எறங்குனாரு?”

பாவாயி பக்கத்திலிருந்து, “சொல்லித் தொலைங்களே, அதையே புடிச்சுத் தொங்காம” என்பார். “நீ சும்மா இரு புள்ளே. நா உன்னையவா கேட்டன்?” என்பார் செல்லான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

வருஷாந்தரக் கூட்டத்துக்குப் பெரிய வாத்தியார் நம் ஊருக்கு வருவார், அவரிடமே கேட்டுவிடலாம் என்று சொல்லி வைத்தேன். செல்லானுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

3. பரீட்சை

வாத்தியார் வருவதற்குள் போதகர் ஐயாவின் பரீட்சை வந்துவிட்டது. செல்லான் வெளுத்த வேட்டி கட்டி, தலையில் எண்ணெய் வைத்து வந்திருந்தார். ஜெபம் சொன்னார். கட்டளைகள் சொன்னார். பிரமாணத்தை ஆரம்பித்து, அந்த வரிக்கு வந்ததும் நின்றார்.

“ஏன் நிக்கிற? சொல்லப்பா” என்றார் போதகர்.

“சொல்றனுங்க. அதுக்கு முன்னால ஒரு சேதி தெரிஞ்சுக்கோணும். தெரியாம ஒண்ணை நம்பறேன்னு சொன்னா அது பொய்யில்லீங்களா?”

கர்த்தர் எதற்காக இறங்கினார் என்று செல்லான் கேட்டதும் போதகர் சிரித்துவிட்டார். கோபக்காரர் அல்ல அவர். “நீ முதல்ல மேல ஏறி வா செல்லான். எறங்கறதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்” என்றார். ஆலயமே சிரித்தது. செல்லானும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த வரியைச் சொல்லவில்லை.

அடுத்த தடவைக்குத் தள்ளி வைத்தார்கள். பாவாயியும் தள்ளி நின்றுகொண்டார். வெளியே வந்ததும் செல்லான் என்னிடம், “பேரையாவது வெச்சுட்டுப் போயிருக்கலாமுங்க” என்றார்.

4. கிணறு

அந்தக் கோடையில் எல்லாக் கிணறும் வறண்டன. ஒரு தோட்டத்தில் கிணற்றை இன்னும் ஆழமாக்க இறங்கியிருந்தார்கள். பக்கவாட்டு மண் சரிந்தது. உடன் வெட்டியவர்கள் தப்பி ஏறிவிட்டார்கள். செல்லானைக் கட்டித் தூக்கும்போது உயிர் இல்லை.

கட்டிலில் கிடத்திக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் இறக்கினார்கள். அவரை எங்கே அடக்கம் செய்வது என்ற பேச்சு அங்கேயே ஆரம்பித்தது.

சேரித் தலைவரான பெரியதனம் பாவாயியின் சொந்த அண்ணன். அவர் வந்து மச்சான் முகத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டேதான் சொன்னார்: “அம்மன் நோம்பிக்கு வரி குடுக்க மாட்டேன்னான். பறையத் தொட மாட்டேன்னான். எங்க சங்காத்தமே வேண்டாமுன்னு போனவனை நம்ம மண்ணுல வெச்சா நாளைக்கு ஊரு என்னையக் கேக்குமுங்க. உங்க ஆளு, நீங்களே எடுத்துக்குங்க சாமி.”

போதகர் ஐயா அன்று பக்கத்து ஊரில் இருந்தார். ஆள் விட்டதும் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கட்டிலருகே நின்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, ஞானஸ்நானம் எடுக்காதவரைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள வைக்கச் சபைக் கட்டளையில இடமில்ல.”

“ஐயா, அவரு தயாராயிட்டிருந்தவருதானே?”

“தெரியும்டா. எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா நான் தனியா முடிவு பண்ண முடியாது. இன்னிக்கு நான் திறந்துவிட்டா நாளைக்குக் கமிட்டி என்னைக் கேக்கும்.”

ஒரே மாதிரி பதிலை இரண்டு பக்கத்திலும் கேட்டேன். நாளைக்குக் கேட்பார்கள் என்று இரண்டு பேரும் பயந்தார்கள். அன்றைக்கு, அவரை எங்கே வைப்பது என்று கேட்டு நின்றவர் பாவாயி மட்டும்தான்.

பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, ஓடைக்கரைப் புறம்போக்கில் குழி வெட்டினோம். செல்லானோடு கிணற்றில் இறங்கியவர்களே வெட்டினார்கள். அடக்க ஆராதனை முறைமை ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும் என்பதால் அதை வாசிக்க முடியவில்லை. போதகர் மதிலருகே தலைகுனிந்து நின்றார். நான் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சொன்னேன்.

மண் தள்ளி முடித்ததும் பாவாயி என்னிடம் வந்தார். கண்ணில் நீர் இல்லை.

“சாமி, இவரு இப்ப எங்கீங்க இருக்காரு?”

“கர்த்தருக்குத் தெரியும், அம்மா.”

“கர்த்தருக்குத் தெரியுமுங்க. எனக்கில்ல தெரியோணும்.”

5. பெரிய வாத்தியார்

வருஷாந்தரக் கூட்டத்துக்கு வாத்தியார் வந்தார். நடந்ததைச் சொன்னேன். செல்லானின் கேள்வியையும் சொன்னேன். உணவைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவி எழுந்தார். “அந்த அம்மாவைப் பார்க்கணும்” என்றார்.

பாவாயி ஓடைக்கரையில் கடலைக்கொடி உலர்த்திக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குச் சாக்கு விரிக்கப் போனவரைத் தடுத்துவிட்டு, அவர் மண்ணிலேயே உட்கார்ந்தார். கிரேக்கமும் லத்தீனும் படித்தவர், வகுப்பில் பேச ஆரம்பித்தால் மணி அடிப்பது தெரியாது. அன்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிப் பேசினார்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் கேட்ட கேள்வியைப் பெரிய வேதசாஸ்திரிகள் எல்லாரும் கேட்டிருக்காங்க. அதுக்காக ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட்டிருக்காங்க. எல்லாரும் ஒரே பதில் சொல்லல. நான் நம்பறதைச் சொல்றேன். தனக்காகக் காத்துக் கிடந்தவங்களைத் தூக்கிவிடத்தான் அவர் இறங்கினார்.”

பாவாயி கொடியைக் கீழே வைத்தார்.

“ஞான முழுக்கு எடுக்காதவங்களையுமுங்களா?”

“ஆதி சபையிலயும் இப்படி நடந்திருக்கு. ஆயத்தத்துல இருக்கும்போதே சிலபேர் செத்துப்போனாங்க. அவங்க ஆசைப்பட்டதே போதும், கர்த்தர் அதைத் தள்ளமாட்டார்னு அப்பவே ஞானவான்கள் எழுதி வெச்சிருக்காங்க.”

“எப்ப எழுதுனதுங்க அது?”

“ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்மா.”

பாவாயி திரும்பி மதிலைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“அத்தனை வருசமாவா நம்ம போதகரு ஐயாவுக்கு ஆரும் சொல்லல?”

“அதைச் சொல்றதுதாம்மா என் வேலை” என்றார் வாத்தியார். செல்லானைப் பரீட்சித்த போதகருக்கும், அவரைத் தயார் செய்த எனக்கும் பாடம் சொன்னவர் அவர்தான் என்பது திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

6. கமிட்டி

சேலத்தில் கமிட்டி கூடியபோது வாத்தியார் அழைப்பில்லாமலே போனார். போதகர் ஐயா என்னையும் கூட்டிப்போனார். “தத்துவ விசாரணையெல்லாம் பள்ளிக்கூடத்துல வெச்சுக்குங்க. இது நிர்வாக விஷயம்” என்றார் ஒரு மூப்பர். வாத்தியாருக்கு முன்னால் எங்கள் போதகர் எழுந்தார். “அந்த ஆளை மதிலுக்கு வெளியே வெச்சுட்டு வந்தவன் நான். நிர்வாகம்னா என்னன்னு எனக்குத் தெரியும். அவர் சொல்றதைக் கேளுங்க” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் வாதாடினார். ஒரே கூட்டத்தில் முடியவில்லை. கடைசியில் கட்டளை மாறியது. ஆயத்த வகுப்பில் இருக்கும்போது இறப்பவரை உள்ளேயே முழு ஆராதனையோடு அடக்கம் செய்யலாம் என்று ஆனது.

அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பாவாயி வீட்டுக்கு ஓடினேன். அடுத்த ஞானஸ்நான ஆராதனைக்கு நாள் குறித்தாயிற்று, அவர் பெயரை முதலில் சேர்த்துவிடலாம் என்றும் சொன்னேன்.

“நல்லதுங்க சாமி. இனி வாரவங்களுக்கு ஆச்சு” என்றார். பிறகு, “அவரை எடுத்து உள்ள கொண்டாந்து வெப்பீங்களா?” என்று கேட்டார்.

புதைத்ததைத் தோண்டக் கூடாது என்றும், அதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டும் என்றும் சொன்னேன்.

“அப்ப எனக்கு முழுக்கு வேண்டாமுங்க. எடுத்தா என்னைய உள்ள வெச்சுருவீங்க. இப்படியே இருந்தா உங்க புதுக் கட்டளைப்படியும் உள்ள வெச்சுருவீங்க. அதனால ஆயத்த வகுப்புலயும் எம்பேரை எடுத்துருங்க. அவரு மதிலுக்கு அக்கட்டயும் நா இக்கட்டயுமா எதுக்குங்க சாமி?”

வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். இதற்கு எந்த வேதசாஸ்திரி என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். “யாரும் எழுதல. நாமதான் யோசிக்கணும்” என்றார்.

தம்பிமாரே, நான் கற்றுக்கொண்டது இதுதான். வேதசாஸ்திரிகளும் தத்துவ ஞானிகளும் ஏழைச் சபைக்கு வேண்டாத ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். செத்தவன் எங்கே இருக்கிறான் என்று மனைவி கேட்கிற கேள்விக்காகத்தான் அவர்கள் ராப்பகலாக உழைத்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். குழி வெட்டுவதற்கு முன்னால் திறந்து படியுங்கள். என் வகுப்பில் இப்போது அந்த வரி வந்ததும் நானே நிறுத்திவிடுகிறேன். யாராவது கேட்கிற வரைக்கும் மேலே போவதில்லை.

பாவாயி ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறார். கதவோரம் உட்கார்ந்து பிரமாணம் முழுவதையும் எல்லாரோடும் சேர்ந்து சொல்லுகிறார். ஆராதனை முடிந்ததும் சபையார் கல்லறைத் தோட்டத்து வாசல் வழியாக வீட்டுக்குப் போவார்கள். அவர் மட்டும் மதிலைச் சுற்றிக்கொண்டு போவார்.