பெரட்டில் ஓர் ஆள் குறைந்தது

சங்கம் என்று யாராவது பேச்செடுத்தால் அந்த நாளில் எனக்குக் கொட்டாவிதான் வரும். வாரம் முழுக்க நாய் படாத பாடு பட்டுவிட்டு, கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு சிரம்பானுக்கு பஸ் ஏற வேண்டும். வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். அங்கே போனால் ஒரு ஜவுளிக் கடை மாடியில் மடக்கு நாற்காலி. போன கூட்டத்தில் என்ன பேசினோம் என்று ஒருவர் எழுந்து வாசிப்பார், நாங்கள் தலையாட்டுவோம். பிறகு ஆறிப்போன வடையும் தேநீரும். ஊரடங்குக்கு முன்னால் எஸ்டேட் கேட்டுக்குள் நுழைந்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் அந்த வடையைக்கூட நிம்மதியாக மென்றதில்லை.

நான் ரப்பர் எஸ்டேட்டில் சின்னக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. இன்றைக்கு அந்த வேலைக்கு மனிதவளம், ஆள் நிர்வாகம் என்று பெரிய பெரிய பேராக வைத்திருக்கிறார்கள். குளிர்சாதன அறையில் டை கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். நல்லது, இருக்கட்டும். நான் அதை ரப்பர் மரத்தடியில் கொசுக்கடியோடு பார்த்தேன். விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் வாசித்துப் பெரட்டு எடுக்க வேண்டும். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எல்லாம் என் தலையில். துரைக்கு நான் தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்து ஆள், லயத்துக்கு நான் துரையின் ஆள். இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவதுதான் பிழைப்பு. பேச்சு வாங்கியதை ஆறுதலாக யாரிடமாவது சொல்லலாம் என்றால், எஸ்டேட்டில் எனக்குச் சமமாக ஒரு ஜீவன் கிடையாது.

கிராணிமார் சங்கத்தில் நானாக ஆசைப்பட்டுச் சேரவில்லை. எனக்கு மேலே இருந்த பெரிய கிராணி, ஓய்வு பெற்றுப் போகிறவர், "சேந்து வையிங்க தம்பி, ஆத்திர அவசரத்துக்கு ஆகும்லா" என்று நச்சரித்தார். தொல்லை தாங்காமல் கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகு அந்த இடத்துக்குத் துரை ஆள் போடவில்லை. இரண்டு பேர் வேலையும் என்மேல் விழுந்தது. அவசரகாலத்தில் எந்தக் கிராணி காட்டோர எஸ்டேட்டுக்கு மனசார வருவான்?

அவசரகாலம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துக் காட்டில் துப்பாக்கியோடு ஆட்கள். அவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, சிதறிக் கிடந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். காலையில் திறக்கும், சாயங்காலம் மூடும். வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் போலீஸ்காரன் தடவிப் பார்ப்பான். வாளிக்குள் கை விடுவான், பெண்பிள்ளைகளின் கொண்டையைக்கூட விட மாட்டார்கள். அதற்கென்று ஒரு போலீஸ்காரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெறும் வயிற்றோடு போய், ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் வெட்டிவிட்டு, திரும்பி வந்துதான் வாயில் ஏதாவது போட வேண்டும். அந்தச் சனங்களின் முகத்தைத் தினமும் பார்த்துப் பார்த்தே எனக்குச் சலித்துப் போயிற்று.

எங்கள் மண்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கூட்டம் பால் வெட்டுகிறவர்களுக்கு அவர் மேலாள். கட்டையான ஆள், தொண்டை மட்டும் லாரி ஹாரன். அம்மா இடுப்பில் கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவர், அதற்கப்புறம் கடலைப் பார்த்ததே லுக்குட் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் என்பார். பெரட்டில் நான் பேர் வாசிப்பேன். எங்களிடம் ஒரு வழக்கம். யாராவது எழுந்து வர முடியாமல் கிடந்தால், அந்தப் பேருக்கு மண்டோரே குரல் கொடுத்துவிடுவார். "வந்தாச்சுங்கய்யா!" அவ்வளவுதான், வந்த மாதிரி. வராதவளின் மரங்களைப் பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டு வெட்டி, பாலையும் அவள் கணக்கில் ஊற்றிவிடுவார்கள். கம்பெனிக்கு ஒரு சொட்டுப் பால் குறைந்ததில்லை. அடிக்கடி வராமல் இருந்தால் லயத்து வீட்டைக் காலி செய் என்பது துரையின் சட்டம், அதற்கு லயத்துக்காரர்கள் கண்டுபிடித்த மருந்து இது. எனக்கு முன்னால் இருந்த கிராணிகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பால் வந்துவிடுவதால் துரைகள் யாரும் கேட்டதில்லை.

வேலி வந்த பிறகும் அந்த வழக்கம் அப்படியே தொடர்ந்தது. வேலி வந்தால் தலையை எண்ணுகிறவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பது எங்கள் யார் புத்தியிலும் ஏறவில்லை. கேட்டில் போலீஸ்காரனும் எண்ணிக்கொண்டிருந்தான்.

புதிதாக வந்த ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, ஒரு நாள் இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரட்டில் வந்த ஆள் கேட்டைத் தாண்டவில்லை. ஓர் ஆள் குறைகிறது. அப்படியானால் ஒருவன் வேலியில் எங்கோ நுழைந்து காட்டுக்குப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். விசிலும் நாயும் லாரியுமாக எஸ்டேட் அல்லோலகல்லோலப்பட்டது. கடைசியில் அந்த 'ஆள்' லயத்துக்குள்ளேயே கிடைத்தாள். மலேரியாக் காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை. விஷயம் அத்தோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். எங்கே முடிந்தது? இவளுக்குப் பதிலாகக் குரல் கொடுத்தது யார் என்று அதிகாரி கேட்டார். மண்டோர் ஒளிக்கவில்லை. "நாந்தான் தொரை" என்று முன்னால் வந்து நின்றார். இன்றைக்குக் காய்ச்சல்காரிக்குக் குரல் கொடுக்கிறவன் நேற்றுக் காட்டுக்குச் சோறு சுமந்தவனுக்கும் கொடுத்திருப்பான் என்று சொல்லி, அவரை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

நான் துரையிடம் போனேன். "போலீஸ் விஷயம், நீ தலையிடாதே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதிகாரியிடம் போய், இது இங்கே காலங்காலமாக உள்ள வழக்கம் சார் என்றேன். "உன் ஒருவன் பேச்சை நான் எப்படி நம்புவது?" என்றார். நியாயம்தான், நான் யார்?

மண்டோரின் மனைவி தினமும் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள்.

"ஐயா, கப்பல் ஏத்திருவாங்களாமே, நெசமா?"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. அங்க அவருக்கு யாருய்யா இருக்கா? ஊரு பேருகூட அவருக்குச் சரியா வாயில நுழையாது. பாப்பா பெரிய மனுசியாகி நிக்கிறா. நான் எங்கய்யா போவேன்?"

அது வீண் பயம் இல்லை. அந்த நாளில் சந்தேகத்தில் பிடிபட்டவர்களை வழக்கு, சாட்சி என்று இழுக்காமல், பிறந்த ஊருக்கே கப்பலேற்றி நாடு கடத்திக்கொண்டிருந்தார்கள். "பாக்குறேன்மா, பேசுறேன்மா" என்பேன். அவள் போன பிறகு என்மேலேயே எரிச்சல் வரும். விடிந்தால் மறுபடி பெரட்டு, மறுபடி அதே பேர்கள். மண்டோர் நிற்கிற இடம் காலியாக இருக்கும்.

அந்த மாதக் கூட்டத்துக்குப் போகவே கால் வரவில்லை. போனதற்குக் காரணம், போகாவிட்டால் வாசலில் அந்த அம்மாள் நிற்பாள் என்பதுதான். கூட்டம் முடிகிற நேரத்தில் எழுந்து, நடந்ததைச் சொன்னேன். செயலாளர் விதியைக் கரைத்துக் குடித்த மனிதர். "மண்டோர் நம்ம மெம்பர் இல்லியே. நம்ம சங்கம் கிராணிமாருக்குத்தானே?" என்றார். பலர் தலையசைத்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! வடையைத் தின்னத்தானா இத்தனை தூரம் வருகிறோம் என்று கத்திவிட்டேன்.

ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு பெரிய கிராணி இருந்தார். கிறிஸ்தவர். ஞாயிறு பூசை முடிந்து நேராகக் கூட்டத்துக்கு வருவார், வந்த வேகத்தில் பின்வரிசையில் தூங்கிவிடுவார். அன்றைக்கு அவர் தூங்கவில்லை.

"நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. உங்க எஸ்டேட்ல மண்டோர் குரல் குடுக்குறது இல்ல?"

ஆளாளுக்கு வடைத் தட்டைப் பார்த்தார்கள். தேநீர் கொண்டுவந்தவர்கூட அப்படியே நின்றார்.

"எங்க எஸ்டேட்ல உண்டு" என்று அவரே சொன்னார். "நான் வேலைக்குச் சேந்த காலத்துலேருந்து உண்டு."

லுக்குட் பக்கத்துக் கிராணி தொண்டையைக் கனைத்தார். "எங்ககிட்டயும்தான்." அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். கடைசியில், விதி பேசிய செயலாளரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எங்க மண்டோர் ரெண்டு மூணு பேருக்குச் சேத்துக் குடுப்பான்லா" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றிருக்கிறோம், ஒவ்வொருவனும் இது தன் எஸ்டேட்டில் மட்டும் நடக்கிற திருட்டுத்தனம் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான்!

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. இதைப் போலீஸ் முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் அவரவர் துரை சும்மா விடுவாரா? கிராணி வேலை போனால் வீடும் போச்சு. அப்போதுதான் கோலாலம்பூர் தலைமைச் சங்கம் எதற்கு இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. வருஷத்துக்கு ஒரு மாநாடு, மாலை, குரூப் போட்டோ, இதற்குத்தான் அவர்கள் என்று எண்ணியிருந்தேன். செயலாளர் மறுநாள் தபாலாபீசிலிருந்து டெலிபோன் போட்டார். தலைமையிலிருந்து ஒருவர் ரயிலேறி வந்தார். சட்டம் படித்தவர், அதிகம் பேசாதவர். "எந்த எஸ்டேட், எந்தக் கிராணின்னு தனித்தனியாப் போக வேணாம். பெரட்டு எடுக்கிற முறையப் பத்திச் சங்கம் விளக்கம் சொல்லுதுன்னு போவோம். துரைமார் சங்கத்துக்கிட்ட நான் முன்கூட்டியே பேசிட்டு வந்திருக்கேன். தனி ஆள் மேல கை வைக்க மாட்டாங்க" என்றார். அந்த ஒரு பேச்சில் எங்கள் பாதி உயிர் திரும்பி வந்தது.

விசாரணை நாளில் வெள்ளைக் கால்சட்டையும் டையுமாக நாங்கள் வரிசையாகப் போய் நின்றதைப் பார்த்து, வாசலில் இருந்த போலீஸ்காரன் சல்யூட் அடித்தான். உள்ளே எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். மண்டோரை ஒரு மூலையில் நிற்க வைத்திருந்தார்கள். இளைத்திருந்தார். அதிகாரி ஒவ்வொருவரையும் கேட்டார், ஒவ்வொருவரும் ஆமாம் என்றோம். கடைசியில் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்படியானால் இந்த மாநிலத்தில் ஒரு பெரட்டும் உண்மை இல்லையா?" என்றார்.

"பால் உண்மை சார்" என்றார் ரந்தாவ் பெரியவர். "ஆள்தான் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்."

மண்டோர் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மனைவி என் வாசலுக்கு வந்து, அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். ஆனால் துரை தன் பங்குக்கு ஒன்று செய்தார். மண்டோர் வேலையை எடுத்துவிட்டு, அவரைப் பழையபடி மரம் வெட்டப் போட்டார். இதற்கும் சங்கத்தில் பேசிப் பார்த்தேன். தலைமைக்காரர் வருத்தத்தோடுதான் சொன்னார், அது எங்கள் எல்லைக்குள் வராதாம்.

அதன் பிறகு நான் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. இளைய கிராணிகளிடம், சேருங்கள், ஊரில் உள்ள கிளையிலும் சேருங்கள், தலைமையிலும் சேருங்கள் என்று நானே நச்சரிக்கிற ஆளாகிவிட்டேன். தன் தொழிலில் இருக்கிற இன்னொருவனோடு பேசாதவன் தன் பயத்தைத் தனியாகத்தான் தின்ன வேண்டும். இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம்.

ஒரு நாள் காலை, பெரட்டு முடிந்து ஆட்கள் கேட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். மண்டோர், இல்லை, அவரை இனி அப்படிச் சொல்லக்கூடாது, ஆனால் எனக்கு வேறு மாதிரிக் கூப்பிட வரவில்லை, அவர் என்னிடம் வந்தார். இடுப்பில் வெட்டுக் கத்தி.

"ஐயா, ஒங்க சங்கத்துல என்னையும் சேத்துக்குவாங்களா?"

"அது கிராணிமாருக்குத்தான் மண்டோரே. ஒங்களுக்குன்னு தொழிலாளி சங்கம்..." என்று ஆரம்பித்தேன்.

"இருந்துச்சுங்கய்யா. நம்ம எஸ்டேட்லயே இருந்துச்சு. நீங்க வர்றதுக்கு முந்தி. எம் பெரிய மச்சான் அதுல தலைவர்."

"எங்க இப்ப அவரு?"

"அவசரகாலம் வந்ததும் அவரத்தான்யா மொதல்ல கப்பல் ஏத்துனாங்க. போன எடமே தெரியல" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. "ஒங்க சங்கம் போனா நாக்காலி போடுறாங்க. நான் அந்த மூலையில நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

கேட்டில் போலீஸ்காரன் சத்தம் போட்டான். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் கடைசி ஆளாக நின்று, அவன் தடவிப் பார்க்க இரண்டு கையையும் தூக்கினார்.