முன்வரிசை நாற்காலி

சாத்தூர் பக்கம் இங்கிலீஷ் மீடியம் பள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்படி ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நான் ஒரு நாடகம் இயக்கினேன். நடிகர்கள் இரண்டே பேர். மகளுக்கு இடம் கேட்டு வரும் தாய், தர மறுக்கும் தலைமையாசிரியர். தாயாக நடித்த பேச்சியம்மாள் நிஜத்திலும் பட்டாசு ஆலைத் தொழிலாளிதான். அவள் மகள் அதே பள்ளியில் படித்தாள்.

நாடகத்தில் அந்தத் தாய், யாரும் சொல்லாமலே தலைமையாசிரியருக்கு எதிரே உட்காருவாள். ஒத்திகை பார்த்த தாளாளருக்கு அது பிடிக்கவில்லை.

"கூலிக்காரப் பொம்பள நின்னு பேசுனாப் போதும்" என்றார். நான் முடியாது என்றேன்.

விழா அன்று திரை விலகியபோது மேடையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. மற்றதைத் தாளாளர் ஆள் விட்டு எடுத்திருந்தார். உள்ளே நுழையக் காத்திருந்த பேச்சியம்மாளிடம், "நின்னே பேசிரு பேச்சி. மக இங்கன படிக்கா" என்று பதறினேன்.

"அதுக்குத்தான்க்கா உக்காரணும்."

நேரே மேடையைக் கடந்து கீழே இறங்கினாள். முன்வரிசையில் தாளாளருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பப் பேசுவோம் சார்" என்றாள்.

அந்த வசனத்தை நான் எழுதவில்லை. ஆலை வேனில் வந்திருந்த பெண்கள் பின்னாலிருந்து விசிலடித்தார்கள்.

அத்தனை பேர் பார்த்த பிறகு அவள் மகள்மீது கைவைக்க யாருக்கும் துணிவில்லை. எங்களைத்தான் மறுபடி கூப்பிடவில்லை. ஏழாயிரம்பண்ணையிலும் அச்சங்குளத்திலும் தெருவிலேயே நாடகத்தைப் போட்டோம். இயக்கம் என்று என் பெயரைச் சொன்னார்கள். அந்தக் காட்சியை மட்டும் பேச்சியம்மாள் இயக்கியபடியே விட்டுவிட்டேன். எந்த ஊரிலும் அவளுக்கென்று நாற்காலி போட்டு வைக்கவில்லை. அவளே போய் எடுத்துவந்தாள்.