பாதியில் நிற்கும் ஐந்தாவது பாட்டு

இரண்டு மாரிக்கு முன்பு, நாவற்குடாவில் நடந்தது இது. நாற்பதைத் தாண்டிய பிறகும் வெட்கமில்லாமல் நாங்கள் நாலு பேர் ஒரு றொக் இசைக்குழு வைத்திருந்தோம். நான் பாட்டுக்காரன். என் பாட்டைவிட இடையில் விடும் பகிடிக்குத்தான் சனம் சிரித்துக் கைதட்டும்.

சொந்தமாக ஒரு அல்பம் செய்ய ஆசைப்பட்டோம். ஒருவர் கிரானில் வயல் செய்பவர், இன்னொருவர் வாத்தியார். ஒன்றுகூட நாள் அமையாது. அதனால் சித்தாண்டியில் இருந்த எங்கள் டிரம்ஸ்காரன் முதலில் தன் வீட்டிலேயே அடித்துப் பதிந்து, போனில் அனுப்புவான். அதற்குமேல்தான் மற்றவர்கள் வாசிப்பார்கள், நான் பாடுவேன்.

நாலு பாட்டு ஒழுங்காக வந்தது. ஐந்தாவது பாதியில் நின்றது. காய்ச்சல், மிச்சத்தைப் பிறகு அடிக்கிறேன் என்று எழுதியிருந்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? குரலைப் பதிந்து அனுப்பினேன்.

"கள்ளக் காய்ச்சல்காரா, எழும்பி வந்து அடிடா. பாதிப் பாட்டுக்குப் பாதிச் சோறுதான்."

பதில் இல்லை. மறுநாள் அந்தச் செய்திக்குப் பக்கத்தில் நீலக்குறி விழுந்தது. கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள் டெங்குவில் செத்துப்போனான்.

முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்தபின், அவன் போனில் இருக்கும் மூலப் பதிவுகளை வாங்கி வரும்படி மற்ற இருவரும் என்னைத் தள்ளிவிட்டார்கள். அவன் மனைவி என் பகிடியைக் கேட்டிருப்பாளே என்ற பயத்தில், அந்த வீட்டைத் தாண்டித் தாண்டி மோட்டார் சைக்கிளில் ஓடினேன். மூன்றாம் தரம் நாய்கூடக் குரைக்கவில்லை. உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசிய பிறகுதான் அவள் சொன்னாள்:

"அண்ணன், ஹெல்மெட்டைக் கழட்டுங்க."

போனைத் தந்துவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குப் போனாள். என் திட்டம் சுருக்கமானது. பதிவுகளை எடுப்பதற்கு முன் என் செய்தியை அழித்துவிட வேண்டும். அவசரத்தில் வேறெங்கோ அமத்திவிட்டேன். கள்ளக் காய்ச்சல்காரா என்று என் குரல் வீடு முழுக்கக் கேட்டது. நிறுத்தத் தெரியாமல் போனைச் சட்டைக்குள் செருகினேன். அங்கேயும் கத்தியது.

அவள் வாசலில் நின்றாள்.

"அதை அழிச்சிராதீங்க அண்ணன். அதைத் திறந்தது நான்தான். ஆஸ்பத்திரி வாட்டில அவருக்கு நினைவே இல்ல. காதடியில வச்சுத் திருப்பித் திருப்பிப் போட்டன். நீங்க ஏசினாலாவது எழும்புவாரெண்டு."

தேநீர் ஆறியது. என் வாழ்க்கையில் எனக்குப் பகிடி வராத முதல் நாள் அது.

ஐந்தாவது பாட்டின் மீதியை மெஷினில் அடித்து நிரப்பலாம் என்றார் வாத்தியார். நான் விடவில்லை. அல்பத்தில் பாதியோடு டிரம்ஸ் நின்றுவிடும். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் தாளம் தப்பித் தடுமாறி முடிவுவரை போகிறோம். கேட்டவர்கள் பலர் தங்கள் ஸ்பீக்கர் பழுது என்றே நினைத்தார்கள்.

இன்றும் மேடையில் பகிடி விடுகிறேன். ஆனால் யாராவது காய்ச்சல் என்று சொன்னால் வாய் தானாக மூடிக்கொள்கிறது. எழும்பவே முடியாமல் கிடந்தவன் காதில் கடைசியாக விழுந்தது, எழும்பி வந்து அடிடா என்ற என் குரல்தான். அது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டுமா, கேட்காமலே போயிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.